பீட்ரூட் சாயம் ரெண்டே அலசில் போயிடுச்சு, சால்வையைக் காப்பாத்த வழி இருக்கா?

கண்ணிமாறி
எல்லாருக்கும் வணக்கம். நாலு மாசமா உட்கார்ந்து பின்னின சால்வை. வெள்ளை நூல், மொத்தம் 180 கிராம். ஓரம் முழுக்க துளைப் பின்னல். முடிச்சுப் பார்த்தா வெள்ளையா மொட்டையா தெரிஞ்சுது, கொஞ்சம் நிறம் ஏத்தலாம்னு ஆசை வந்துடுச்சு. வீடியோ ஒண்ணைப் பார்த்து ஒரு கிலோ பீட்ரூட்டை நறுக்கி வேகவெச்சு வடிகட்டினேன். அதுல ஒரு பிடி உப்பு, ஒரு கப் வினிகர் ஊத்தி, சால்வையைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டேன். பாத்திரத்துக்குள்ள இருந்தப்போ கண்ணைப் பறிக்கிற ரோஸ். முதல் அலசுல பாதி போச்சு. ரெண்டாவது அலசுல மிச்சமும் போய், இப்ப கழுவாத டீ வடிகட்டி மாதிரி ஒரு மங்கல்.

எங்க தப்பு பண்ணினேன்? இதுக்கு மேலயே வேற சாயம் போடலாமா? இன்னொரு தடவை சூடு காட்டினா சுருங்கிடுமோன்னு பயமா இருக்கு.

சிட்டம்நூறு
தப்பு உங்க மேல இல்லை, பீட்ரூட் மேல. அதோட சிவப்பு பீட்டாலைன்ங்கிற வகை. சூடு பட்டாலே சிதையும், வெளிச்சத்துலயும் நிக்காது. ஒரு மணி நேரம் கொதிக்கவெச்சீங்கன்னா நீங்களே பாதி நிறத்தைக் கொன்னுட்டீங்க. மிச்சம் நூல் மேல கறையா உட்கார்ந்திருந்துச்சு, அலசினதும் கிளம்பிடுச்சு. சட்டையில பட்டா போகாத பீட்ரூட் கறை, நாம வேணும்னு போட்டா மட்டும் போயிடும். இது நான் பத்து வருஷமா பார்க்கிற வேடிக்கை.

மேல சாயம் போடலாம், தாராளமா. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. "வெள்ளை நூல்"னு சொன்னீங்க. என்ன நூல்? நூல்கண்டு மேல சுத்தி வந்த லேபிள் இருக்கா?

உப்புக்கல்
மன்னிக்கணும், நான் ஒத்துக்க மாட்டேன். உப்பு பத்தலைன்னுதான் நினைக்கிறேன். ஒரு பிடி எந்த மூலைக்கு? எங்க வீட்ல புதுத் துணி எதுவா இருந்தாலும் முதல் துவைப்புக்கு உப்புத் தண்ணியில ஊறவெச்சுத்தான் துவைப்போம், சாயம் போகாது. உப்பு சாயத்தைப் பிடிச்சு நிறுத்தும்னு தலைமுறை தலைமுறையா தெரிஞ்ச விஷயம்.

ஊசிமுனை
சுருங்கறதைப் பத்தி மட்டும் நான் சொல்றேன். வெறும் சூட்டுல கம்பளி சுருங்கிடாது. சூடு, சோப்பு, அலைக்கழிப்பு மூணும் சேரும்போதுதான் இழை மேல இருக்கற செதில்கள் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு கட்டி தட்டிப்போகும். அடுப்புல இருக்கும்போது கரண்டி போட்டுக் கிண்டாதீங்க. மெதுவா அமுக்கி விடுங்க, புரட்டுங்க, அவ்வளவுதான். கொதிக்கவே கூடாது, பாத்திரத்தோட அடியில சின்னச் சின்னக் குமிழி வந்து ஆவி பறக்கற நிலை போதும். தெர்மாமீட்டர் இருந்தா 80லேர்ந்து 85 டிகிரி. முடிச்சதும் அப்படியே மூடிவெச்சு ஆறவிட்டு அப்புறம் அலசுங்க. சுடச்சுட எடுத்து குழாய்த் தண்ணியில காட்டினீங்கன்னா அதுதான் ஆபத்து. ஒரு தடவை ஒரு தொப்பியை அப்படிக் காட்டி, பொம்மைக்குப் போடற அளவுல எடுத்தேன்.

நனைஞ்ச சால்வையைத் தூக்கும்போது ரெண்டு கையாலயும் மொத்தமா அள்ளி எடுங்க. ஒரு முனையைப் பிடிச்சுத் தூக்கினா தண்ணி கனத்துல கண்ணியெல்லாம் இழுபட்டு நீண்டுடும். கொடியில போடாம துண்டு விரிச்சு அதுமேல காயவைக்கணும். துளைப் பின்னல்னா துளை விரிஞ்சு தெரிய எப்படியும் மறுபடி குண்டூசி குத்தி விரிச்சுத்தான் ஆகணும், அந்த வேலைக்கும் மனசைத் தயார் பண்ணிக்குங்க.

காரமும் புளிப்பும்
உப்பைப் பற்றி ஒரு விளக்கம். பள்ளியில் வேதியியல் நடத்துபவன் என்பதால் கொஞ்சம் நீளும்.

உப்புக்குச் சாயப் பட்டறையில் வேலை உண்டு. அது பருத்திக்குச் சில செயற்கைச் சாயங்கள் ஏற்றும்போது. தண்ணீரில் கரைந்திருக்கும் சாயத்தை இழையின் பக்கம் தள்ளிவிடும், அவ்வளவே. ஏறிய சாயத்தை அது பூட்டி வைப்பதில்லை. பீட்ரூட் போன்ற காய்கறிச் சாற்றுக்கு அதனால் பயன் இல்லை.

வினிகரின் கதை வேறு. கம்பளி ஒரு புரதம். அமிலத்தில் நனையும்போது அந்தப் புரதத்தின் சில இடங்கள் நேர்மின் தன்மை அடைகின்றன. எதிர்மின் தன்மையுள்ள சாயமாக இருந்தால் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். நாம் இனிப்பில் கலக்கும் செயற்கை நிறப்பொடிகள் பலவும் அப்படிப்பட்டவைதான்: டார்ட்ரசின், அலூரா ரெட், பிரில்லியன்ட் ப்ளூ. ஆகவே ஃபுட் கலரும் வினிகரும் சேர்ந்தால் கம்பளியில் அருமையாக ஏறும். பருத்தி புரதம் அல்ல, செல்லுலோஸ். அதில் அதே பொடியைக் கொட்டினாலும் அலசில் ஓடிவிடும்.

வெங்காயச் சருகு, மாதுளைத் தோல் போன்ற தாவரச் சாயங்களுக்கு நடுவில் ஓர் ஆள் வேண்டும். ஒரு கையால் இழையையும் மறு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்ளும் உலோக உப்பு. பாடப்புத்தகம் அதை நிறமூன்றி என்கிறது. வீட்டில் எளிதில் கிடைப்பதும் பயமில்லாததும் படிகாரம்.

உப்புக்கல்
ஐயா, விளக்கம் நல்லா இருக்கு. ஆனா எங்க வீட்டுத் துணி சாயம் போகாம இருக்கே, அதுக்கு என்ன பதில்?

சிட்டம்நூறு
கடையில வாங்கின துணியில சாயம் முதல்லயே ஒழுங்கா ஏறியிருக்கும். உப்பு போடலைன்னாலும் போயிருக்காது. ஒரு தடவை போடாம துவைச்சுப் பாருங்களேன்.

கண்ணிமாறி
லேபிள் கிடைச்சுடுச்சு! பை அடியில கசங்கிக் கிடந்துச்சு. 75 சதவீதம் கம்பளி, 25 சதவீதம் நைலான், மெஷின்ல துவைக்கலாம்னு போட்டிருக்கு. நான் இத்தனை நாளா முழுக் கம்பளின்னே நினைச்சுட்டிருந்தேன். நைலான் கலந்திருந்தா சாயம் ஏறாதா?

சிட்டம்நூறு
உங்களுக்கு அதிர்ஷ்டம். செயற்கை இழைகள்ல நைலான் மட்டும் கம்பளியோட தங்கச்சி மாதிரி நடந்துக்கும், அமிலச் சாயத்தை நல்லாவே வாங்கும். அக்ரிலிக்கா இருந்திருந்தா இந்தப் பேச்சை இதோட மூடிட்டுப் போகச் சொல்லியிருப்பேன். அதுல சமையலறையில இருக்கற எதுவும் ஒட்டாது.

மெஷின்ல துவைக்கலாம்னு போட்டிருந்தா, சுருங்காம இருக்க இழைக்கு முன்கூட்டியே வேலை பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம். செதிலை மழுக்கியோ மேல பூச்சு கொடுத்தோ விட்டிருப்பாங்க. கட்டி தட்டற பயம் பெரும்பாலும் இல்லை. ஆனா இந்த நூல் சாயத்தைப் பசியோட உறிஞ்சும், சாயத் தண்ணி பட்ட இடத்துல சட்டுனு பிடிச்சுக்கும். அதனால திட்டுத்திட்டா வர வாய்ப்பு அதிகம். போடறதுக்கு முன்னாடி வெதுவெதுப்பான தண்ணியில ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு விட்டு ஒரு மணி நேரம் ஊறவையுங்க. உள்கண்ணி வரைக்கும் தண்ணி இறங்கினாத்தான் சாயமும் இறங்கும். காய்ஞ்ச சால்வையை நேரா சாயத்துல போடறவங்கதான் பாதிப் பேரு இங்க வந்து அழறாங்க.

மௌனவாசகி
நாலு வருஷமா வாசிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் எழுதறேன். லேபிள் தொலைஞ்சு போன நூல்னா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஊசிமுனை
வாங்க வாங்க. ஒரு விரல் நீளம் நூலை இடுக்கியில பிடிச்சு, தண்ணித் தொட்டி மேல வெச்சு கொளுத்திப் பாருங்க. கம்பளின்னா முடி பொசுங்கற வாடை வரும், நெருப்பை எடுத்தா தானா அணையும், கரியை நசுக்கினா பொடியும். பருத்தி காகிதம் எரியற வாடையோட சாம்பலாகும். அக்ரிலிக் உருகி, கறுப்புப் புகை விட்டு, கெட்டியான மணியா நிக்கும். கலப்பு நூல்னா குழப்பும், ஆனா உருகினா உள்ள செயற்கை இருக்குன்னாவது தெரிஞ்சுடும்.

தூரிகை
எனக்கு இந்தப் படிகாரம், சருகு எல்லாம் பொறுமை கிடையாது. ஃபுட் கலர் ஆள் நான். சால்வைக்கு அதையே சொல்றேன்.

180 கிராமுக்கு ஆறேழு லிட்டர் பிடிக்கற எவர்சில்வர் பாத்திரம் வேணும். சால்வை உள்ள தாராளமா நீந்தணும், நெருக்கிப்பிடிச்சா மடிப்பு மடிப்பா கோடு விழும். நிறத்தைத் தனியா வெந்நீர்ல கரைச்சு, வடிகட்டி, பாத்திரத்துல கலந்து, அப்புறம் ஊறின சால்வையை விடுங்க. வினிகரை முதல்லயே ஊத்தாதீங்க. நிறம் எல்லாப் பக்கமும் பரவின பிறகு, மெல்ல சூடு ஏத்தி, லிட்டருக்கு ரெண்டு மேசைக்கரண்டி கணக்குல, சால்வையை ஓரம் ஒதுக்கிட்டு ஊத்துங்க. அரை மணி நேரத்துல ஒரு மாயம் நடக்கும்: தண்ணி தெளிஞ்சு கண்ணாடி மாதிரி ஆகிடும், நிறம் முழுக்க நூலுக்குள்ள போயிருக்கும். முதல் தடவை பார்த்தப்போ சத்தம் போட்டு வீட்ல எல்லாரையும் கூப்பிட்டேன், யாரும் வரலை.

கறுப்பு, ஊதா மாதிரி கலப்பு நிறத்தை மட்டும் முதல்ல தொடாதீங்க. உள்ள இருக்கற சிவப்பு முந்திக்கிட்டு ஏறும், நீலம் நிதானமா வரும். கறுப்புன்னு போட்ட கையுறை எனக்கு ஒரு பக்கம் மயில் கழுத்து, ஒரு பக்கம் காயம் பட்ட முட்டி மாதிரி வந்துச்சு.

மௌனவாசகி
மஞ்சள் தூளை யாரும் சொல்லலையே? நான் ஒரு குட்டி சாக்ஸுக்குப் போட்டேன், அட்டகாசமா ஏறிச்சு, படிகாரம்கூட போடலை. ஆனா சோப்பு போட்டுத் துவைச்சதும் அங்கங்க ரத்தச் சிவப்பு. பயந்துட்டேன்.

காரமும் புளிப்பும்
பயப்பட ஒன்றுமில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சலவைச் சோப்பு காரம்; அதே வேலை. கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரில் முக்கினால் மஞ்சளுக்கே திரும்பிவிடும்.

கவலைப்பட வேண்டியது வெயிலைப் பற்றி. மஞ்சள் நிறமூன்றி இல்லாமலே பருத்தியிலும் ஏறும், அது அதன் பெருமை. சன்னலோரம் வைத்தால் சில நாட்களிலேயே வெளுக்கத் தொடங்கும், அது அதன் சிறுமை. படிகாரம் போட்டாலும் பெரிதாக மாறாது.

சிவப்பு முட்டைக்கோஸும் இந்த வகைதான். புளிப்பில் ரோஸ், நடுநிலையில் நீலம், காரத்தில் பச்சை என்று வகுப்பில் காட்ட எனக்குப் பிடித்த பொருள். உடுத்தும் துணிக்கு நான் போடமாட்டேன்.

கண்ணிமாறி
அப்ப நிக்கற நிறம்னா எது? நாலு மாச உழைப்பு, ஃபுட் கலர்ல அந்தப் பளபள நீலம் எனக்கு வேண்டாம். மண் நிறமா, அடங்கின மாதிரி வேணும்.

சிட்டம்நூறு
வெங்காயச் சருகு. கண்ணை மூடிட்டுச் சொல்வேன். பழுப்பு வெங்காயத்தோட காய்ஞ்ச மேல்தோல் மட்டும். படிகாரம் ஏத்தின கம்பளியில பொன் நிறத்துலேர்ந்து ஆரஞ்சு வரைக்கும் வரும். சிவப்பு வெங்காயச் சருகுன்னா பச்சை சாயல் அடிக்கும். வெயில்ல கொஞ்சம் அடங்கும், ஆனா மஞ்சள் மாதிரி கைவிடாது.

அளவைப் பிடிச்சுக்குங்க. படிகாரம் காய்ஞ்ச நூல் எடையில 12 சதவீதம், உங்களுக்கு 22 கிராம். சமையலறை எடைத்தராசுல நிறுத்துப் போடுங்க, கண்மதிப்பு வேண்டாம். அதிகம் போட்டா நூல் கையில பிசுபிசுன்னு ஆகிடும். வெந்நீர்ல முழுக்கக் கரைச்சு, பெரிய பாத்திரத்துத் தண்ணியில கலந்து, ஊறின சால்வையை விட்டு, முக்கால் மணி நேரம் எடுத்துக்கிட்டு மெல்ல 80க்கு ஏத்துங்க, இன்னொரு முக்கால் மணி அங்கயே வையுங்க, ராத்திரி முழுக்க ஆறவிடுங்க. சருகைத் தனியா ஒரு மணி நேரம் வேகவெச்சு வடிகட்டணும். சருகோட சேர்த்துப் போட்டா துளைப் பின்னல்ல ஒவ்வொரு துணுக்கா பொறுக்கிட்டு உட்காருவீங்க. அப்புறம் அந்தச் சாற்றுல சால்வை, மறுபடி அதே நிதானச் சூட்டுல ஒரு மணி நேரம்.

சருகு எவ்வளவுன்னு கேட்பீங்க. ஆழமான நிறத்துக்கு நூலோட எடைக்குச் சமம்.

கண்ணிமாறி
180 கிராம் சருகா! இப்பத்தான் வீட்ல இருந்ததெல்லாம் உரிச்சு நிறுத்துப் பார்த்தேன். ஒரு பெரிய பை நிறைய இருக்கு, தராசு 14 கிராம் காட்டுது.

ஊசிமுனை
ஹா ஹா. எல்லாரும் கடந்து வந்த பாதை. அக்கம்பக்கத்துல சொல்லிவையுங்க, காய்கறி விக்கறவங்க கூடை அடியில இருந்து சும்மாவே தருவாங்க. அது சேர்ற வரைக்கும் சும்மா இருக்காம துண்டு பின்னிச் சோதனை பண்ணுங்க. மிச்ச நூல்ல உள்ளங்கை அளவுக்கு நாலஞ்சு. சால்வையை நேரடியா போட்டுத்தானே இந்த நிலைமை.

சிட்டம்நூறு
அதோட, காய்ஞ்ச துண்டுல பாதியைக் கெட்டி அட்டையால மூடி, வெயில் படற சன்னல்ல ரெண்டு வாரம் ஒட்டிவையுங்க. அட்டையை எடுத்ததும் கோடு தெரிஞ்சா அந்தச் சாயத்தை மறந்துடலாம். இந்த மன்றத்துல யார் சொல்றதையும் நம்ப வேண்டாம், என்னையும் சேர்த்து. சன்னல் பொய் சொல்லாது.

உப்புக்கல்
அப்ப எனக்காக உப்பு போட்டு ஒரு துண்டு, போடாம ஒரு துண்டு. செய்வீங்களா?

கண்ணிமாறி
செய்யறேன் ஐயா.

கண்ணிமாறி (மூணு வாரம் கழித்து)
முடிவுகளோட வந்துட்டேன். எல்லாத் துண்டுக்கும் படிகாரம் ஏத்தியிருந்தேன், அந்த ஃபுட் கலர் நீலத்தைத் தவிர.

வெங்காயச் சருகு: காய்ஞ்ச வைக்கோல்ல சாயங்கால வெயில் பட்ட மாதிரி. மூணு தடவை துவைச்சும் தண்ணி தெளிவா வந்துச்சு. சன்னல்ல கோடு இருக்கு, ஆனா தேடிப் பார்த்தாத்தான் தெரியுது. டீத்தூள்: மிதமான பழுப்பு, நல்லாவே நிக்குது. மாதுளைத் தோல்: மங்கின மஞ்சள், அதுவும் நின்னுச்சு. மஞ்சள் தூள்: துண்டுலயே ரொம்ப அழகு இதுதான், சன்னல்லேர்ந்து எடுத்தப்போ பாதி வெள்ளை. கறுப்பு பீன்ஸை ஒரு நாள் பச்சைத் தண்ணியில ஊறவெச்சு, சூடே காட்டாம அந்தத் தண்ணியில ஒரு துண்டைப் போட்டு வெச்சேன், யாரோ மன்றத்துல பழைய பதிவுல எழுதியிருந்தாங்க. நிஜமாவே சாம்பல் நீலம் வந்துச்சு. சன்னல்ல கொஞ்சம் வெளுத்துடுச்சு, மனசு கேட்கலை. ஃபுட் கலர் நீலம் அசையவே இல்லை. தூரிகை, நீங்க சொன்ன அந்தத் தெளிஞ்ச தண்ணி! நானும் கூப்பிட்டேன், எங்க வீட்லயும் யாரும் வரலை.

உப்புத் துண்டு ரெண்டையும் வெங்காயச் சாயத்துலதான் போட்டேன். எது எதுன்னு குறிச்சு வெச்ச சீட்டு விழுந்துடுச்சு. இப்ப எனக்கே எது உப்புன்னு தெரியலை.

உப்புக்கல்
சீட்டு விழுந்ததே போதும், பதில் கிடைச்சுடுச்சு. இருந்தாலும் வீட்டுத் துணிக்குப் போடறதை நிறுத்த மாட்டேன், எங்க அம்மா கேட்டா என்ன சொல்றது.

தூரிகை
டீத் துண்டையும் மாதுளைத் துண்டையும் துருத் தண்ணியில காட்டினீங்களா? இரும்பு ஆணியை வினிகரும் தண்ணியும் கலந்த பாட்டில்ல ஒரு வாரம் போட்டுவெச்சா, மூடியை லேசா விட்டு, ஒரு கலங்கின தண்ணி கிடைக்கும். அதுல முக்கினா டீ சாம்பல் கறுப்பாகும், மாதுளை பாசிப் பச்சையாகும். கண்ணு முன்னாடியே மாறும்.

சிட்டம்நூறு
மாறும். ஆனா துண்டோட நிறுத்திக்குங்க. இரும்பு அதிகமானா கம்பளி சொரசொரன்னு ஆகி, நாளாவட்டத்துல இழை இத்துப்போகும். வீட்டுத் துருத் தண்ணியில எவ்வளவு இரும்பு இருக்குன்னு அளக்க முடியாது. அதுக்குத் தனி வாளி, தனிக் குச்சி. இரும்பு பட்ட பாத்திரத்துல அடுத்த தடவை பொன் நிறம் போட்டா சேறு நிறம் வரும். அப்புறம் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்றேன், படிகாரம் காய்ச்சின பாத்திரமும் சமையலுக்குத் திரும்பிப் போகக்கூடாது. சாயத்துக்குன்னு பழைய பாத்திரம் ஒண்ணு ஒதுக்கிடுங்க. அலுமினியம், செம்பு வேண்டாம், அதுங்களும் நிறத்தை இழுக்கும்.

கண்ணிமாறி (மேலும் ஒரு மாதம் கழித்து)
சால்வை முடிஞ்சுது. சருகு 110 கிராம் சேர்ந்ததும் பொறுமை போச்சு, போட்டுட்டேன். பீட்ரூட் மங்கல் அடியில எங்கயும் தெரியலை. துண்டுல வந்த அளவுக்கு ஆழம் இல்லை, ஆனா இந்த இளம் பொன் எனக்கு இன்னும் பிடிச்சிருக்கு. தண்ணிக்கு மேல உப்பி மிதந்த ஒரு மூலை மட்டும் வெளிறியிருக்கு. மேல ஒரு தட்டை வெச்சு அமுக்கியிருக்கணும், சொன்னவங்க சொன்னீங்க, நான் மறந்துட்டேன். கழுத்துல சுத்தும்போது அந்த மூலை உள்ள போயிடுது.

ஓரத்துல கண்ணி முடிச்ச இடம், நூல் நுனிகளைச் செருகின இடம் எல்லாம் ஒரு சாயல் குறைவாத்தான் இருக்கு. இறுக்கமா பின்னின இடத்துல உள்ள வரைக்கும் சாயம் போகலை போல.

ஊசிமுனை
போகாது. பின்னி முடிச்சதுக்குப் பிறகு போடறதுல அந்த ஒரு குறை எப்பவும் இருக்கும். ஒரே சீரா வேணும்னா நூலாவே, தளர்வான வளையமா சுத்தி, சிட்டமா கட்டிப் போட்டுட்டு அப்புறம் பின்னணும். ஆனா துளைப் பின்னல்ல அந்த ஏற்ற இறக்கம் எனக்கு அழகாத்தான் படுது. மறுபடி குண்டூசி குத்தி விரிச்சீங்களா?

கண்ணிமாறி
விரிச்சேன். 94 குண்டூசி.

இன்னொண்ணு. சால்வையை எடுத்த பிறகும் பாத்திரத்துல நிறம் மிச்சமிருந்துச்சு, கொட்ட மனசு வரலை. அலமாரியில கிடந்த ஒரு ஜோடி வெள்ளை சாக்ஸை ஊறவெச்சு உள்ள போட்டேன். பாதம் அழகா இளமஞ்சள் ஆயிடுச்சு. கணுக்கால் பக்கம் பட்டையும் குதிகாலும் பளிச்சுன்னு வெள்ளையா நிக்குது. ஏன்?

சிட்டம்நூறு
லேபிள் பார்த்தீங்களா?

கண்ணிமாறி
இல்லை.